கிளிப் போட்டால் மாறுவது முகமா, மனமா?

பல்லுக்கு கிளிப் போடுவதைப் பற்றி இரண்டு பேச்சு உலவுகிறது. “கிளிப் போட்டதுக்கப்புறம் ஆளே மாறிட்டாங்க” என்பது ஒன்று. “பல்லைப் பிடுங்கி கிளிப் போட்டா கன்னம் ஒட்டிப் போயிடும், மூஞ்சி உள்ளே போயிடும்” என்பது இன்னொன்று. இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு. அந்தக் கொஞ்சம் எவ்வளவு, யாருக்கு என்று கேட்டால்தான் பதில் வராது. மனத்தைப் பற்றிய பேச்சு இன்னும் மோசம். பல் சீரானால் தன்னம்பிக்கை வந்துவிடும் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். விளம்பரத்துக்கு அது போதும். சிகிச்சைக்குப் போகிறவருக்குப் போதாது.

எனவே அடியிலிருந்து தொடங்குவோம். பல் எப்படி நகர்கிறது என்று தெரிந்தால், முகத்தில் எவ்வளவு மாறும் என்பதை மில்லிமீட்டர் கணக்கில் நாமே ஊகிக்கலாம். அந்தக் கணக்கு பிடிபட்டால் மனம் எதை எதிர்பார்க்கலாம் என்பதும் தெளியும்.

## பல் எலும்போடு ஒட்டியிருக்கவில்லை

சுவரில் அடித்த ஆணி போலப் பல் தாடையில் இறங்கி நிற்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது கயிற்றுக் கட்டிலில் படுத்திருப்பவரைப் போலத் தொங்கிக்கொண்டிருக்கிறது. வேருக்கும் எலும்புக்கும் நடுவே சுமார் 0.2 மில்லிமீட்டர் இடைவெளி. அதற்குள் எண்ணற்ற நுண்ணிய நார்கள் ஓடி, வேரை எலும்புக் குழிக்குள் கட்டி நிறுத்தியிருக்கின்றன. இந்தப் படலத்துக்குப் பல்சூழ் நார் என்று பெயர். கடினமான எதையாவது கடிக்கும்போது பல் மயிரிழை அளவு அமுங்கி மீள்வதும் இதனால்தான்.

இந்தப் படலத்தில் ரத்தக் குழாய்களும் நரம்புகளும் உண்டு. எலும்பைக் கரைக்கும் செல்களும் எலும்பைக் கட்டும் செல்களும் இங்கே வந்து சேர்கின்றன. பல்லை ஒரு பக்கமாக மெல்லத் தள்ளிக்கொண்டே இருந்தால், தள்ளப்படும் பக்கத்தில் நார்கள் நசுங்கி ரத்த ஓட்டம் குறைகிறது. இரண்டு மூன்று நாளில் கரைக்கும் செல்கள் அங்கே கூடி எலும்பை அரிக்கத் தொடங்குகின்றன. எதிர்ப்பக்கத்தில் நார்கள் இழுபடுகின்றன. அங்கே கட்டும் செல்கள் புது எலும்பை இடுகின்றன. ஆக, பல் எலும்பைக் கிழித்துக்கொண்டு போவதில்லை. முன்னால் இருக்கும் எலும்பு கரைந்து வழிவிட, பின்னால் எலும்பு வந்து நிரப்புகிறது. குழியே பல்லோடு சேர்ந்து நகர்கிறது என்று சொல்லலாம்.

கிளிப் என்று நாம் சொல்வதில் இரண்டு பாகங்கள். பல்லின் மேல் ஒட்டப்படும் சிறு துண்டு பிராக்கெட். அது வெறும் கைப்பிடி. வேலை செய்வது அதன் பள்ளத்தில் ஓடும் கம்பி. ஆரம்ப மாதங்களில் போடும் நிக்கல்-டைட்டானியம் கம்பி தன் பழைய வளைவை மறக்காது. கோணல் பற்களுக்குள் வளைத்துக் கட்டிவிட்டால், தன் வடிவத்துக்குத் திரும்பப் பார்த்துப் பற்களையும் கூடவே இழுத்து வரும். கழற்றி மாட்டும் கண்ணாடி போன்ற உறைகளுக்கு அலைனர் என்று பெயர். ஒவ்வோர் உறையும் பல்லை ஏறக்குறைய 0.25 மில்லிமீட்டர் நகர்த்தும்படி செய்யப்படுகிறது. அதை ஒரு நாளில் 20 முதல் 22 மணி நேரம் போட்டிருக்க வேண்டும். செல்கள் வேலையைத் தொடங்குவதற்கே சில மணி நேரத் தொடர்ந்த அழுத்தம் வேண்டும். இரவில் மட்டும் மாட்டினால் பல் வலி மட்டும் மிஞ்சும்.

## கூட முறுக்கினால் சீக்கிரம் முடியுமா?

முடியாது. இந்தத் துறையில் மிக அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இதுதான் என்று தோன்றுகிறது.

ஒரு முன்பல்லைச் சாய்த்து நகர்த்த 35 முதல் 60 கிராம் வரையிலான விசை போதும். ஈறுக்குள் சற்று உள்ளிழுக்க 10, 20 கிராமே போதும். இதைவிடப் பலமாக இழுத்தால் நசுங்கிய பக்கத்தில் ரத்த ஓட்டம் அறவே நின்று, அங்கிருக்கும் செல்கள் இறந்துபோகின்றன. கரைக்க வேண்டிய செல்களே அங்கே இல்லாததால் பல் நின்ற இடத்தில் நிற்கும். உடல் சுற்றிவளைத்து, எலும்பின் உள்பக்கத்திலிருந்து அரித்து வர 2 முதல் 4 வாரம் ஆகும். அதுவரை வலி மட்டும் உண்டு, நகர்வு இல்லை. வேர் நுனி கரைந்து குட்டையாகும் ஆபத்தும் கூடுகிறது. லேசான வேர்க் கரைவு பெரும்பாலோருக்கு ஏற்படும், பாதிப்பு இருக்காது. கடுமையாகக் கரைவது நூற்றில் சிலருக்குத்தான்.

மென்மையான, இடைவிடாத விசையில் பல் மாதத்துக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் நகரும். கிளிப் சிகிச்சை முழுதும் முடியச் சராசரியாக 20 மாதம் ஆவதற்குக் காரணம் இந்த வேகம்தான். “ஆறே மாதம்” என்று சொல்லப்படும் சிகிச்சைகள் பெரும்பாலும் முன்பற்களை மட்டும் வரிசைப்படுத்துபவை. கடிவாயை, அதாவது மேல் பற்களும் கீழ்ப் பற்களும் பொருந்திக் கடிக்கும் விதத்தை, சரிசெய்வது அதில் அடங்காது.

இதுவரை பார்த்தது: பல் நகர்வது எலும்பு கரைந்து மறுபடி உருவாவதால். அதன் வேகத்தை உடல்தான் தீர்மானிக்கிறது. நகரும் தூரம் மொத்தமே சில மில்லிமீட்டர்கள். இந்தக் கடைசி வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொண்டு முகத்துக்கு வருவோம்.

## சுவர், கம்பி, திரை

ஒரு சன்னலை நினைத்துக்கொள்ளுங்கள். சுவர் தாடை எலும்பு. அதில் பொருத்திய திரைக்கம்பி பற்கள். கம்பியில் தொங்கும் திரை உதடு. கிளிப் கம்பியை முன்னும் பின்னும் நகர்த்தும். கம்பி நகர்ந்தால் திரையும் கொஞ்சம் நகரும். சுவர் அசையாது.

வளர்ந்த ஒருவருக்குக் கிளிப்பால் மாறக்கூடியது உதடும் உதட்டைச் சுற்றிய பகுதியும்தான். மூக்கு, கன்ன எலும்பு, கண், தாடையின் பின்மூலை ஆகியவை அப்படியே இருக்கும். “கிளிப் போட்ட பிறகு தாடைக்கோடு எடுப்பாகிவிட்டது” என்று காட்டப்படும் படங்கள் பலவற்றில் தெரிவது வயது, எடைக்குறைவு, வெளிச்சம், தலையைப் பிடித்திருக்கும் கோணம் ஆகியவற்றின் வேலை. பதின்மூன்று வயதில் எடுத்த படத்தையும் பதினாறில் எடுத்ததையும் பக்கத்தில் வைத்தால், கிளிப்பே போடாவிட்டாலும் முகம் மாறித்தான் இருக்கும். இந்த வயதில் மூக்கும் மோவாயும் வளர்கின்றன.

திரை எவ்வளவு தொடரும்? மேல் முன்பற்கள் பின்னே போகும் தூரத்தில் மேலுதடு பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை பின்வாங்கும் என்பது பொதுவான கணக்கு. கீழுதடு இன்னும் சற்று நெருக்கமாகத் தொடரும். ஆளுக்கு ஆள் இது நிறைய வேறுபடும். தடித்த உதடு கனத்த கம்பளி போல: உள்ளே கம்பி நகர்ந்தாலும் வெளியே அவ்வளவாகத் தெரியாது. மெல்லிய உதடு மெல்லிய துணி போல உடனே காட்டிவிடும்.

நேரான பல்லால் நேர் முகத்தில் தெரியும் மாற்றம் பெரும்பாலும் சிரிக்கும்போது மட்டுமே. பக்கவாட்டுத் தோற்றம் மாறுவது முன்பற்கள் முன்னே வந்தாலோ பின்னே போனாலோதான். தெத்துப்பல் ஒன்றை வரிசைக்குள் கொண்டுவந்தால் சிரிப்பு மாறும். வாயை மூடியிருக்கும்போது ஒருவரும் வித்தியாசம் கண்டுபிடிக்க மாட்டார்கள். எத்துப்பல் வேறு கதை.

## எத்துப்பல் பின்னே போகும்போது

கீழ்ப்பற்களைத் தாண்டி மேல் முன்பற்கள் எவ்வளவு முன்னே நிற்கின்றன என்ற அளவுக்கு ஓவர்ஜெட் என்று பெயர். 2, 3 மில்லிமீட்டர் இயல்பு. 8, 9 என்று போகும்போது உதடுகள் தாமாக மூடாது. மூட வேண்டுமென்றால் மோவாய்த் தசையை இறுக்கி, கீழுதட்டை வலிந்து மேலே தூக்க வேண்டும். அப்போது மோவாய் தட்டையாகி, தோல் குழிகுழியாகத் தெரியும். சிலருக்குக் கீழுதடு மேல்பற்களுக்குப் பின்னால் போய் மாட்டிக்கொண்டு, பற்களை இன்னும் வெளியே தள்ளிக்கொண்டிருக்கும்.

முன்பற்கள் பின்னே போனதும் உதடுகள் சிரமமில்லாமல் சந்திக்கின்றன. மோவாய்த் தசை ஓய்வெடுக்கிறது. குழிகள் மறைந்து மோவாய் உருண்டு தெரிகிறது. பார்ப்பவர்கள் “மோவாயே அழகாயிடுச்சே” என்பார்கள். எலும்பு ஒரு மில்லிமீட்டர்கூட வளரவில்லை. இறுக்கம் விட்டுப்போனதுதான் காரணம். கிளிப்பால் முகம் மாறியதாகச் சொல்லப்படும் நிஜமான கதைகளில் பெரும்பகுதி இந்த வகையைச் சேர்ந்தது.

## பல் பிடுங்கினால் முகம் உள்ளே போய்விடுமா?

இது நூறு வருடத்துக்கு மேற்பட்ட சண்டை. பல் சீரமைப்பைத் தனித் துறையாக நிறுவிய எட்வர்ட் ஆங்கிள், எல்லாப் பற்களையும் வைத்துக்கொண்டே சீராக்க வேண்டும் என்றவர். கால்வின் கேஸ் என்ற அமெரிக்க மருத்துவர் சில முகங்களுக்குப் பல் எடுத்தே ஆக வேண்டும் என்று 1911-இல் வாதாட, ஆங்கிளின் தரப்பு கொதித்தது. பிறகு ஆங்கிளின் மாணவரான சார்லஸ் ட்வீடே, பல் எடுக்காமல் தான் முடித்த பலரின் பற்கள் துருத்தியும் மறுபடி கோணியும் போவதைப் பார்த்து, முன்கடைவாய்ப் பற்கள் நான்கை எடுத்து மறுசிகிச்சை செய்து 1940 வாக்கில் அந்த முடிவுகளைக் காட்டினார். அதற்குப் பின் ஊசல் இரண்டு பக்கமும் ஆடியாகிவிட்டது.

கட்சி கட்டுவதைவிடக் கணக்குப் போடுவது நல்லது. முன்கடைவாய்ப் பல் என்பது கோரைப்பல்லுக்கு அடுத்து நிற்கும் பல். அகலம் சுமார் 7 மில்லிமீட்டர். மேல் தாடையில் பக்கத்துக்கு ஒன்று எடுத்தால் 14 மில்லிமீட்டர் இடம் கிடைக்கிறது. இந்த இடத்தை மூன்று பேர் பங்குபோடுகிறார்கள்: நெருக்கியடித்து நிற்கும் பற்கள், முன்னே வந்துவிடும் கடைவாய்ப் பற்கள், பின்னே போகும் முன்பற்கள்.

ஒருவருக்கு 6 மில்லிமீட்டர் இட நெருக்கடி என்று வைத்துக்கொள்வோம். 14-இல் 6 அதற்கே போய்விடும். மிச்சம் 8, பக்கத்துக்கு 4. முன்பற்களைப் பின்னே இழுக்கும்போது இழுக்கப் பிடிமானமாக நிற்கும் கடைவாய்ப் பற்களும் 1, 1.5 மில்லிமீட்டர் முன்னே நழுவி வரும். ஆக முன்பற்கள் பின்னே போவது 2.5 முதல் 3 மில்லிமீட்டர். உதடு அதில் பாதி முதல் மூன்றில் இரண்டு: ஒன்றேகாலிலிருந்து இரண்டு மில்லிமீட்டர். கண்ணாடி முன் நிற்பவருக்குத் தெரியும். எதிரில் வருபவர் கவனிக்காமலும் போகலாம்.

நெருக்கடி 10, 12 மில்லிமீட்டர் என்றால் எடுத்த இடம் முழுதும் வரிசைப்படுத்தவே சரியாகிவிடும். நான்கு பல் எடுத்தும் உதடு அசையாது. மாறாக, நெருக்கடியே இல்லாமல் பற்கள் துருத்தி மட்டும் நிற்கிறவருக்கு, எலும்பில் சிறு திருகாணியைப் பிடிமானமாக இறக்கி இழுத்தால் முன்பற்கள் 6, 7 மில்லிமீட்டர் வரை பின்னே போகலாம். உதடு 3, 4 மில்லிமீட்டர் பின்வாங்கும். இது எல்லோர் கண்ணிலும் படும்.

பழி வந்து சேர்வது எங்கே? ஏற்கெனவே உதடு மெலிந்து, மூக்கும் மோவாயும் எடுப்பாக இருக்கும் ஒருவருக்கு இதே அளவு பின்னிழுத்தால், உதடு ஒடுங்கி முகத்துக்கு வயது கூடிய தோற்றம் வரும். மூக்கின் அடிக்கும் மேலுதட்டுக்கும் இடையிலான கோணத்தை மருத்துவர் பக்கவாட்டு எக்ஸ்ரேயில் அளப்பது இதற்காகத்தான். அது ஏறக்குறைய 90 முதல் 110 பாகைக்குள் இருப்பது வழக்கம். சிகிச்சைக்கு முன்பே 115 இருக்கிறவருக்குப் பின்னிழுக்கும் திட்டம் போட்டால் கேள்வி கேட்க வேண்டும். எனவே “பல் எடுக்கணுமா வேண்டாமா” என்று கேட்பதைவிட, “என் முன்பற்கள் எத்தனை மில்லிமீட்டர், எந்தப் பக்கம் நகரும்?” என்று கேட்பது உருப்படியான கேள்வி. எடுக்காமல் சீராக்குவதும் இலவசம் அல்ல. இடம் இல்லாத வாயில் எல்லாப் பற்களையும் வைத்து வரிசைப்படுத்தினால், அவை முன்னே சாய்ந்து உதட்டை வெளியே தள்ளும், ஈறும் மெலியலாம்.

கன்னம் ஒட்டிப்போவது? கன்னத்தின் உருவம் கொழுப்பு, தசை, கன்ன எலும்பு ஆகியவற்றால் வருவது. முன்கடைவாய்ப் பல்லுக்கு அதில் பங்கு மிகக் குறைவு. முதல் சில மாதங்கள் மெல்ல முடியாமல் சாப்பாடு குறைந்து, எடை இறங்கி, முகம் வாடித் தெரிவது உண்டு. சாப்பாடு பழையபடி திரும்பியதும் அது சரியாகிவிடும். பிராக்கெட் இருக்கும்வரை உதடு சற்று உப்பித் தெரிவதும் அப்படித்தான். கழற்றிய அன்றே போய்விடும். அதனால் கிளிப் இருக்கும்போது எடுத்த படத்தை வைத்து முடிவைப் பற்றிக் கவலைப்படுவதில் அர்த்தமில்லை.

சுருக்கம்: உதடு பல்லைத் தொடரும், பாதி தூரம்தான் தொடரும். பல் எடுப்பதால் மட்டும் முகம் மாறாது. எடுத்த இடம் யாருக்குப் போகிறது என்பதுதான் தீர்மானிக்கும்.

## சுவரை நகர்த்த முடியும் காலம்

தாடை வளர்ந்துகொண்டிருக்கும் வயதில் சுவரையே கொஞ்சம் வழிநடத்தலாம். மேல் அண்ணம் நடுவில் ஒரு பொருத்துக்கோட்டில் இணைந்த இரண்டு பாதிகள். அந்தக் கோடு இறுகுவதற்கு முன், அதாவது பதின்வயதின் நடுப்பகுதிக்குள், அண்ணத்தில் ஒரு திருகுக் கருவி பொருத்தி விரிக்கலாம். ஒவ்வொரு கால் சுற்றும் 0.25 மில்லிமீட்டர். முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே திடீரென்று சந்து விழும்போது பலர் பயந்துபோகிறார்கள். எலும்பு பிரிந்திருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். பிறகு தானாக நெருங்கும்.

மேல்தாடை பின்தங்கிக் கீழ்த்தாடை முன்னே நிற்கும் குழந்தைகளுக்கு, மேல்தாடையை முன்னே இழுக்கும் முகக் கவசக் கருவியைப் பத்து வயதுக்குள் போட்டால் பலன் அதிகம். ஒரு நாளில் 12 முதல் 14 மணி நேரம் போட வேண்டியிருக்கும். கீழ்த்தாடை பின்தங்கியவர்களுக்கு ட்வின் பிளாக் போன்ற கருவிகள் உண்டு. அவை கடிவாயை நன்றாகச் சரிசெய்கின்றன. ஆனால் அந்த மாற்றத்தில் பெரும்பங்கு பற்கள் சாய்வதால் வருவது. நிரந்தரமாகக் கூடும் எலும்பு நீளம் சிறிது.

வளர்ச்சி நின்ற பிறகு எலும்பை மாற்ற வழி தாடை அறுவைச் சிகிச்சைதான். அதற்கு முன்பும் பெரும்பாலும் ஓராண்டு வாக்கில் கிளிப் போட வேண்டியிருக்கும். அந்தக் காலத்தில் தோற்றம் மோசமாகும். தாடைக் குறையை ஈடுகட்ட இயற்கையே சாய்த்து வைத்திருந்த பற்களை நிமிர்த்தும்போது, மறைந்திருந்த குறை முழுதாக வெளியே தெரியும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் நோயாளி இடிந்துபோவார். நாக்கை அண்ணத்தில் அழுத்தி வைத்தால் வளர்ந்தவரின் தாடை உருமாறும் என்று காணொளிகளில் சொல்லப்படுவதற்கு நம்பத் தகுந்த ஆதாரம் இல்லை.

## மனத்தில் எதை அளக்கிறோம்?

இங்கேயும் இரண்டு விஷயங்களைப் போட்டுக் குழப்புகிறார்கள். சிரிக்கும்போது கை தானாக வாயை மூடுகிறதா, படம் எடுத்தால் உதட்டை இறுக்கிக்கொள்கிறோமா, நாலு பேர் முன் கடித்துச் சாப்பிடக் கூசுகிறோமா, வகுப்பில் எழுந்து பேசத் தயங்குகிறோமா: இவற்றைச் சேர்த்து வாய்நலம் சார்ந்த வாழ்க்கைத் தரம் என்பார்கள். தன்மதிப்பு என்பது வேறு. ஒருவர் தன்னை மொத்தத்தில் எவ்வளவு பொருட்படுத்துகிறார் என்பது அது.

காலைக் கடிக்கும் செருப்பை மாற்றினால் நடப்பது சுகமாகும். போய்ச் சேர்கிற ஊரும் பிடித்துப்போகும் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. கிளிப் முதலாவதை, அதாவது வாய்நலம் சார்ந்த வாழ்க்கைத் தரத்தை, மாற்றுகிறது. ஆய்வுகள் இதில் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன. இரண்டாவதான தன்மதிப்பை அவ்வளவாக மாற்றுவதில்லை.

இதைப் பொறுமையாக அளந்த ஆய்வு பிரிட்டனின் கார்டிஃப் நகரில் நடந்தது. 1981-இல் 11, 12 வயதுக் குழந்தைகள் 1,018 பேரின் பற்களையும் மனநிலையையும் பதிவு செய்தார்கள். இருபது ஆண்டு கழித்து, அவர்களில் 337 பேரை மறுபடி பரிசோதித்தார்கள். சிறுவயதில் தேவைப்பட்டு, சிகிச்சையும் பெற்றவர்களின் பல்வரிசை நன்றாக இருந்தது. பற்களைப் பற்றிய திருப்தியும் கூடுதல். ஆனால் ஆரம்பத்திலேயே இருந்த தன்மதிப்பைக் கணக்கில் எடுத்துக்கொண்டு பார்த்தபோது, பெரியவர்களான பின் இருந்த மனநலத்தில் கிளிப்புக்குப் பெரிய பங்கு இல்லை. தேவை இருந்தும் சிகிச்சை பெறாதவர்கள் அதனால் மனம் ஒடிந்துபோகவும் இல்லை.

அப்படியென்றால் வீண் செலவா? அவசரப்பட வேண்டாம். பிரிட்டனிலேயே எத்துப்பல் உள்ள 8 முதல் 10 வயதுக் குழந்தைகள் 174 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து ஒரு சோதனை நடந்தது. ஒரு பிரிவுக்கு உடனே ட்வின் பிளாக். மற்ற பிரிவு காத்திருந்தது. உடனே பெற்ற குழந்தைகளுக்குத் தங்களைப் பற்றிய எண்ணம் அந்தக் காலகட்டத்தில் மேம்பட்டது. காத்திருந்தவர்களும் பதின்வயதில் சிகிச்சை முடித்த பிறகு இரு பிரிவினருக்கும் வித்தியாசம் இல்லாமல் போனது. நிரந்தர ஆதாயம் இல்லை, சரி. ஆனால் எட்டு வயதில் பள்ளியில் கேலிப்பெயர் வாங்கும் ஒரு குழந்தைக்கு நடுவில் வரும் அந்த நான்கைந்து வருடம் சின்ன விஷயமா? எத்துப்பல் விழுந்து உடையும் ஆபத்தும் கூடுதல். ஓவர்ஜெட் 3 மில்லிமீட்டரைத் தாண்டினால் முன்பல் அடிபடும் வாய்ப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. முன்கூட்டிய சிகிச்சை அதைக் குறைக்கிறது.

## யாருக்கு மனம் லேசாகும், யாருக்கு ஆகாது

கோணலின் அளவுக்கும் வேதனையின் அளவுக்கும் நேர்த் தொடர்பு இல்லை. ஒரு பல் லேசாகத் திரும்பியதற்காக வருடக்கணக்கில் சிரிக்காதவர் உண்டு. பெரிய எத்துப்பல்லோடு மேடையேறிப் பேசுகிறவரும் உண்டு. 1989-இல் பிரிட்டனில் உருவான ஓர் அளவுகோல், உடல்நலத் தேவையை 5 படிகளாகவும் தோற்றத்தை 10 படங்களாகவும் பிரிக்கிறது. “உங்கள் பல் இதில் எந்தப் படம் போல?” என்று கேட்டால், மருத்துவர் காட்டும் படமும் நோயாளி காட்டும் படமும் பல நேரம் ஒன்றாக இருப்பதில்லை.

பலன் கிடைப்பவர்களிடம் குறை குறிப்பிட்டதாக இருக்கும். “இந்தக் கோரைப்பல் வெளியே தெரிவதால் படத்தில் சிரிப்பதில்லை” என்பது கிளிப் பதில் சொல்லக்கூடிய குறை. “பல் சரியானால் எல்லோருக்கும் என்னைப் பிடிக்கும்” என்பதற்குக் கம்பியால் பதில் சொல்ல முடியாது. குழந்தை விஷயத்தில் இன்னொரு கேள்வியும் உண்டு: கிளிப் வேண்டும் என்பது குழந்தையா, அம்மா அப்பாவா? தனக்கே வேண்டும் என்று நினைக்காத குழந்தை, பல்லை இழுக்கக் கிளிப்பில் மாட்டச் சொல்லும் ரப்பர் வளையத்தை மாட்டாது, பல்லும் துலக்காது.

சிலரிடம் கவலை வேறு வகை. பிறர் கண்ணுக்கே தெரியாத ஒரு குறையை நினைத்து நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் செலவிடுவது, கண்ணாடியை விட்டு நகர முடியாமை, அதனால் வேலைக்கோ வகுப்புக்கோ போகாமல் இருப்பது, ஒரு மருத்துவர் மறுத்தால் அடுத்தவர் என்று அலைவது ஆகியவை பாடி டிஸ்மார்ஃபிக் டிஸார்டர் என்ற மனநோயின் அடையாளங்கள். பொது மக்களில் நூற்றுக்குச் சுமார் இரண்டு பேருக்கு இது உண்டு. அழகுச் சிகிச்சை தேடி வருபவர்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. பல்லை எவ்வளவு சீராக்கினாலும் இவர்களுக்குத் திருப்தி வராது. கவலை வேறோர் உறுப்புக்குத் தாவும். மனநல மருத்துவத்தில் இதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. முதலில் அங்கே போவதுதான் சரி.

## நடுவில் வரும் தொய்வு

முதல் மாதத்தில் வாழ்க்கைத் தரம் கூடுவதில்லை, குறைகிறது. கம்பி கட்டிய சில மணி நேரத்தில் வலி தொடங்கி, ஏறக்குறைய ஒரு நாளில் உச்சத்தைத் தொட்டு, ஒரு வாரத்துக்குள் அடங்கும். பரீட்சைக்கோ நேர்காணலுக்கோ முந்தைய நாள் கம்பி மாற்றக் கூடாது என்பது இதிலிருந்து கிடைக்கும் எளிய பாடம். உரசும் இடத்தில் கிளிப்போடு கொடுக்கும் மெழுகை உருட்டி ஒட்டலாம். ஈரத்தில் ஒட்டாது, பிராக்கெட்டைத் துடைத்துவிட்டு ஒட்ட வேண்டும்.

அடுத்த தொய்வு ஆறாம் மாதம் வாக்கில் வரும். பற்கள் வெளிப்பார்வைக்கு நேராகிவிட்டன, ஆனால் கிளிப்பைக் கழற்றவில்லை. “ஏமாத்துறாங்களோ?” என்ற சந்தேகம் எழும். முன்வரிசை நேராவது சீக்கிரம் முடியும் வேலை. பற்களுக்கு நடுவே உள்ள சந்துகளை மூடுவது, மேல்–கீழ் கடிவாயைப் பொருத்துவது, வேர்களை நிமிர்த்துவது ஆகியவை கண்ணில் படாத வேலைகள். காலம் பிடிப்பதும் அவைதான். இதை முதல் நாளே சொல்லிவிட்டால் பாதி மனக்கசப்பு வராது.

முடிவில் ஏமாற்றம் தருவது பெரும்பாலும் வெண்புள்ளிகள். பிராக்கெட்டைச் சுற்றி அழுக்குப் படிந்தால் எனாமலில் சுண்ணாம்புச் சத்து கரைந்து, நான்கே வாரத்தில் வெள்ளைத் தழும்பு விழலாம். கிளிப்பைக் கழற்றியதும் நேரான பல்லில் சதுரம் சதுரமாக வெள்ளை தெரிந்தால், கோணல் பல்லே தேவலாம் என்று தோன்றும். ஃப்ளோரைடு பற்பசையால் பிராக்கெட்டுக்கு மேலும் கீழும் தனித்தனியாகத் துலக்குவதும், 0.05 சதவீத சோடியம் ஃப்ளோரைடு கொப்பளிப்பு நீரைத் தினம் ஒருமுறை பயன்படுத்துவதும் இதைத் தடுக்க உதவும். முப்பது, நாற்பது வயதில் சிகிச்சை பெறுகிறவர்களுக்கு, நெருங்கியிருந்த பற்கள் நேரானதும் ஈறுப் பக்கம் சிறு கருப்பு முக்கோணச் சந்துகள் தெரியலாம். அவை புதிதாக வந்தவை அல்ல. ஈறு முன்பே இறங்கியிருந்தது, கோணல் அதை மறைத்திருந்தது. பற்களின் பக்கவாட்டை மயிரிழை தேய்த்து நெருக்கினால் பெருமளவு மறையும்.

## கழற்றிய பிறகு

கிளிப்பைக் கழற்றிய நாளில் பல்சூழ் நார்கள் இன்னும் தளர்ந்தே இருக்கின்றன. அவை சீராக 3, 4 மாதம் ஆகும். ஈறுக்குள் ஓடும் மீள்நார்கள் முறுக்கிய ரப்பர் போல ஓராண்டு வரை பல்லைப் பழைய இடத்துக்கு இழுத்துக்கொண்டிருக்கும். அதற்காகத்தான் ரிட்டெய்னர்: பல்லைப் புது இடத்திலேயே பிடித்து நிறுத்தும் உறை அல்லது உள்பக்கம் ஒட்டிய கம்பி. ஓராண்டோடு முடிந்துவிடுவதும் இல்லை. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் நோயாளிகளைப் பின்தொடர்ந்து பார்த்ததில், ரிட்டெய்னரை நிறுத்திப் பத்து ஆண்டு கழிந்தபோது கீழ் முன்பற்கள் திருப்தியாக நின்றது 30 சதவீதத்துக்கும் குறைவானவர்களுக்கே. கிளிப் போடாதவர்களுக்கும் வயதாக ஆகக் கீழ்ப்பற்கள் நெருங்கும் என்பதை இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

மனத்துக்கும் இது பெரிய அடி. இரண்டு வருடம் பட்ட பாடு கண்ணெதிரே கலைவதைப் பார்ப்பவர் மறுபடி உதட்டை இறுக்கத் தொடங்குவார், இம்முறை தன்னையே நொந்துகொண்டு. ஒட்டிய கம்பியில் ஒரு பல்லின் பசை விட்டுப்போனால் வலிக்காது, ஆடவும் செய்யாது. அந்தப் பல் மட்டும் சத்தமில்லாமல் திரும்பிக்கொண்டிருக்கும். வாரம் ஒருமுறை ஒவ்வொரு பல்லின் பின்னாலும் நாக்கு நுனியால் தடவிப் பார்த்தால் விட்டுப்போன இடம் தட்டுப்படும். உறை வகை என்றால் வெந்நீரில் கழுவக் கூடாது, நெளிந்துவிடும். சில இரவு மறந்துபோய் மாட்டும்போது இறுக்கமாக இருந்தால், பல் நகரத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்; சில நாள் பகலிலும் போட்டால் பெரும்பாலும் திரும்பிவிடும். உறை முழுதாக உட்காரவில்லை, ஓரத்தில் சந்து தெரிகிறது என்றால் கடித்து அழுத்தி ஏற்றாமல், அந்த வாரத்திலேயே புது அளவு எடுத்துக்கொள்ள வேண்டும்.